அத்தியாயம் 7: எந்த நோய்க்கு எந்த ரகம்? கோஸ் குடும்பப் பயிர்களின் எதிர்ப்பு மரபணுக்கள்

விதைப் பாக்கெட்டின் மேல் ‘நோய் எதிர்ப்புத்திறன் மிக்க வீரிய ஒட்டு ரகம்’ என்று பளிச்சென்று அச்சடித்திருக்கும். எந்த நோய்க்கு எதிர்ப்பு என்பது பல பாக்கெட்டுகளில் இருக்காது. நோயின் பெயர் இருந்தாலும், அந்தக் கிருமியின் எந்த உள்வகைக்கு, எவ்வளவு வெப்பம் வரைக்கும் என்ற விவரம் இருக்காது. அந்த விவரத்தைப் பொறுத்துத்தான் பயிர் நிற்பதும் சாய்வதும். ஒரே ரகம் ஒரு மேட்டில் செழித்து, அடுத்த பள்ளத்தில் மொத்தமாக வாடினால் விதை போலி என்று முடிவுகட்டிவிட வேண்டாம். பள்ளத்து மண்ணில் இருக்கும் கிருமி வேறாக இருக்கலாம்.

எதிர்ப்புத்திறன் ரகத்துக்குள் மட்டும் இருக்கும் குணமன்று. செடியின் மரபணு, கிருமியின் உள்வகை, வயலின் சூழல் ஆகிய மூன்றும் பொருந்தும் இடத்தில்தான் அது வேலை செய்யும். அந்தப் பொருத்தத்தைப் பார்த்து ரகம் தேர்ந்தெடுக்கவும், தேர்ந்தெடுத்ததை நெடுநாள் காப்பாற்றவும் இந்த அத்தியாயம் வழி சொல்கிறது.

ஒரே குடும்பம், மூன்று மரபுத்தொகுதிகள்

முட்டைக்கோஸ், காலிஃபிளவர், புரோக்கோலி, நூல்கோல், களைக்கோஸ், கேல் எல்லாம் தாவரவியல் கணக்கில் ஒரே சிற்றினம்: பிராசிக்கா ஒலரேசியா. நுனிமொட்டு பெருத்தால் முட்டைக்கோஸ், பூங்கொத்து திரண்டால் காலிஃபிளவர், தண்டு உருண்டால் நூல்கோல். தோற்றத்தில் இத்தனை தூரம் இருந்தும் இவை ஒன்றோடொன்று தாராளமாகக் கலக்கும். டர்னிப்பும் சீன முட்டைக்கோஸும் பாக் சோயும் இன்னொரு சிற்றினம், பிராசிக்கா ராபா. கருங்கடுகு மூன்றாவது சிற்றினம், பிராசிக்கா நைக்ரா.

இந்த மூன்றுக்கும் உள்ள உறவை ஜப்பானில் பணியாற்றிய நாகஹாரு ஊ 1935-இல் தெளிவாக்கினார். ராபாவின் மரபுத்தொகுதிக்கு ‘ஏ’ என்று பெயர். அதில் 10 குரோமோசோம்கள். நைக்ராவுடையது ‘பி’, 8 குரோமோசோம்கள். ஒலரேசியாவுடையது ‘சி’, 9 குரோமோசோம்கள். இவை இயற்கையிலேயே இரண்டிரண்டாகச் சேர்ந்து மூன்று புதிய பயிர்கள் பிறந்தன. ஏ-யும் பி-யும் சேர்ந்தது நம் நாட்டில் பரவலாக விளையும் கடுகு (18). ஏ-யும் சி-யும் சேர்ந்தது எண்ணெய்க்காகப் பயிராகும் நேபஸ், அதாவது கனோலா (19). பி-யும் சி-யும் சேர்ந்தது எத்தியோப்பியக் கடுகு (17).

ஒரு நோய்க்கான எதிர்ப்பு மரபணு எந்தத் தொகுதியில் இருக்கிறதோ, அதைப் பொறுத்துத்தான் அது உங்கள் பயிருக்கு எளிதில் வருமா வராதா என்பது அமைகிறது. டர்னிப்பிலிருந்து சீன முட்டைக்கோஸுக்கு ஒரு மரபணுவைக் கொண்டுவருவது சாதாரண ஒட்டுக்கட்டும் வேலை, இரண்டும் ஒரே சிற்றினம் என்பதால். அதையே முட்டைக்கோஸுக்குக் கொண்டுவர வேண்டுமானால் சிற்றின எல்லையைத் தாண்ட வேண்டும். அப்படிக் கலந்த கரு பெரும்பாலும் விதைக்குள்ளேயே செத்துப்போகும். அதைப் பிஞ்சிலேயே பிரித்தெடுத்து ஆய்வகத்தில் வளர்த்து, பிறகு பல தலைமுறை முட்டைக்கோஸுடனேயே திரும்பத் திரும்பக் கலந்து, வேண்டாத குணங்களைக் கழிக்க வேண்டும். ‘இந்த நோய்க்கு சீன முட்டைக்கோஸில் நிறைய ரகம் இருக்கிறதே, முட்டைக்கோஸில் ஏன் இல்லை?’ என்று வியாபாரியிடம் கேட்பவர்களுக்கு விடை இதுதான்.

ஒற்றை மரபணு எதிர்ப்பும் கூட்டு எதிர்ப்பும்

எதிர்ப்பு மரபணுக்களில் பெரும்பாலானவை கிருமி செலுத்தும் ஒரு குறிப்பிட்ட புரதத்தை அடையாளம் காணும் புரதங்களை உருவாக்குகின்றன. ஊர்க் காவலாளி ஒரு திருடனின் முகத்தை மனத்தில் வைத்திருப்பது மாதிரி. அடையாளம் தெரிந்ததும், தாக்கப்பட்ட செல்கள் தாமே மடிந்து கிருமியை அங்கேயே முடக்கிவிடும். செடி சுத்தமாக நிற்கும். ஆனால் கிருமி அந்த ஒரு புரதத்தை மாற்றிக்கொண்டாலோ விட்டுவிட்டாலோ மரபணு இருந்தும் பயனில்லை. இது ஒற்றை மரபணு எதிர்ப்பு.

கூட்டு எதிர்ப்பு வேறு மாதிரி. பல மரபணுக்கள் ஒவ்வொன்றும் சிறிதளவு உதவும். ஒன்று வேரின் சுவரைத் தடிப்பாக்கும். ஒன்று கிருமியின் பெருக்கத்தைத் தாமதப்படுத்தும். ஒன்று கசப்பான வேதிப்பொருளைக் கூட்டும். செடியில் நோய் தெரியும், ஆனால் மகசூல் பெரிதாகக் குறையாது. எல்லாத் தடைகளையும் கிருமி ஒரே மூச்சில் தாண்டுவது கடினம் என்பதால் இது நீடிக்கும். சூழல் மாறினால் அளவு கூடும், குறையும்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் தெளிவாகக் காட்டியது. ரசீன், கெனோஷா வட்டாரங்களில் ஃபியூசேரியம் மஞ்சள் வாடல் பூஞ்சாணம் மண்ணில் ஏறி, முட்டைக்கோஸ் சாகுபடியே கைவிட்டுப்போகும் நிலை வந்தது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் எல். ஆர். ஜோன்ஸ் 1910-இல் ஓர் எளிய வேலையைத் தொடங்கினார்: நோய் பிடித்த வயலில் தப்பி நின்ற சில செடிகளை எடுத்து விதையாக்கி, மறுபடியும் அதே நோய் மண்ணிலேயே விதைத்து வடிகட்டினார். அப்படி வந்த ‘விஸ்கான்சின் ஹாலண்டர்’ 1916 வாக்கில் விவசாயிகள் கைக்குப் போனது. அது கூட்டு எதிர்ப்பு. இன்று அதை ‘பி வகை’ என்கிறோம். மண் குளிர்ந்திருந்தவரை அது தாங்கியது. மண்வெப்பம் 24 டிகிரியை எட்டிய கோடையில் தடுமாறியது.

அவருக்குப் பின் ஜே. சி. வாக்கர் கண்டறிந்த ‘ஏ வகை’ எதிர்ப்பு ஒற்றை ஓங்கு மரபணுவால் வருவது. வெப்பத்திலும் நின்றது, ஒட்டுக்கட்டவும் எளிது. பல பத்தாண்டுகள் உலகின் முட்டைக்கோஸ் ரகங்களை அதுதான் காத்தது. 1980-களில் கலிஃபோர்னியாவில் அதே பூஞ்சாணத்தின் இரண்டாம் உள்வகை தலைகாட்டியது. ஏ வகை எதிர்ப்பு அதன்முன் செல்லவில்லை. இந்தக் கதையிலிருந்து விவசாயி எடுத்துக்கொள்ள வேண்டிய கணக்கு: ஒற்றை மரபணு ரகம் வாங்கினால் கிருமியின் உள்வகையை விசாரியுங்கள். கூட்டு எதிர்ப்பு ரகம் வாங்கினால் உங்கள் மண்வெப்பத்தை விசாரியுங்கள்.

ஓங்கு, ஒடுங்கு: விதை எடுப்பவருக்கு

எதிர்ப்பு ஓங்கு மரபணுவால் வந்தால், வீரிய ஒட்டு விதையின் தாய் தந்தையில் ஒருவரிடம் அது தூய நிலையில் இருந்தால் போதும். முதல் தலைமுறைச் செடிகள் எல்லாமே எதிர்க்கும். அந்தச் செடியிலிருந்து நீங்களே விதை எடுத்து விதைத்தால், சராசரியாக நான்கில் ஒரு செடி எதிர்ப்பில்லாமல் பிறக்கும். நோய் மண்ணில் அந்தக் கால்பங்கு செடிகள் கிருமியைப் பெருக்கித் தரும் பண்ணையாகிவிடும்.

ஒடுங்கு மரபணுவால் வரும் எதிர்ப்புக்கு இரு பெற்றோரிடமும் அது இருக்க வேண்டும். டர்னிப் மொசைக் வைரஸுக்கு ராபா பயிர்களில் கிடைத்துள்ள ஓர் எதிர்ப்பு இந்த மாதிரி. வைரஸ் தன் புரதங்களைத் தயாரிக்கச் செடியின் ஒரு புரதத்தைக் கடன் வாங்கியாக வேண்டும். அந்தப் புரதம் பழுதான செடியில் அதற்குப் பிழைப்பில்லை. ஒரு நல்ல பிரதி இருந்தாலும் வைரஸுக்குப் போதும் என்பதால்தான் இரண்டும் பழுதாக இருக்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு தடையும் உண்டு. இன்றைய கோஸ் ஒட்டு ரகங்கள் பலவற்றில் மகரந்தம் கிடையாது. ஜப்பானிய முள்ளங்கியில் ஒகுரா 1968-இல் விவரித்த ஆண்மலட்டுத்தன்மையை விதை நிறுவனங்கள் இவற்றுக்குக் கொண்டுவந்திருக்கின்றன. அப்படிப்பட்ட செடியில் விதை பிடித்தால், அது பக்கத்து வயலின் நூல்கோலிலிருந்தோ காலிஃபிளவரிலிருந்தோ வந்த மகரந்தத்தால்தான். போதாக்குறைக்கு, முட்டைக்கோஸ் பூக்க 10 டிகிரிக்குக் கீழ் பல வாரக் குளிர் தேவை; சமவெளியில் அது பூப்பதே இல்லை. முட்டைக்கோஸில் ஒட்டு ரக விதையைச் சேமிப்பது பற்றி யோசிக்கவே வேண்டாம்.

வேர்முண்டு நோய்

நீலகிரியிலும் இலங்கையின் நுவரெலியாவிலும் கோஸ் பயிரிடுவோர் அறிந்த தொல்லை இது. பகலில் செடி வாடி, சாயங்காலம் நிமிரும். பிடுங்கிப் பார்த்தால் வேர் விரல் தடிமனுக்கு முண்டும் முடிச்சுமாக வீங்கியிருக்கும். நூற்புழு முடிச்சென்று குழப்பிக்கொள்ளக் கூடாது; அது சிறு மணிகளாக இருக்கும், இது முழு வேரையே கிழங்காக்கிவிடும். காரணமான பிளாஸ்மோடியோஃபோரா பூஞ்சாணமும் அல்ல, பாக்டீரியாவும் அல்ல. தனிவகையான ஒட்டுண்ணி ஒருசெல்லுயிர். இதை 1878-இல் விவரித்தவர் ருஷ்யாவின் வொரோனின். அழுகும் ஒரு முண்டிலிருந்து கோடிக்கணக்கான உறக்க வித்துகள் மண்ணில் சேரும். நல்ல ஈரமும் புளிப்பு மண்ணும் கிடைத்தால் அவை முளைத்து, நீந்திச் சென்று வேர்த்தூவிகளில் நுழையும்.

எதிர்ப்பு மரபணுக்களில் வலிமையானவை ஐரோப்பியத் தீவன டர்னிப்புகளிலிருந்து வந்தவை, அதாவது ஏ தொகுதியைச் சேர்ந்தவை. அதனால் சீன முட்டைக்கோஸில் வேர்முண்டு எதிர்ப்பு ரகங்கள் ஏராளம். சி தொகுதியில் இருப்பவை பெரும்பாலும் கூட்டு எதிர்ப்பு. அவற்றை ஒரே ரகத்தில் சேர்ப்பது நீண்ட வேலை. முட்டைக்கோஸிலும் காலிஃபிளவரிலும் எதிர்ப்பு ரகங்கள் வந்திருக்கின்றன, எண்ணிக்கையில் குறைவு.

எதிர்ப்பு ரகத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்குக் கனடாவின் ஆல்பர்ட்டா சாட்சி. எட்மண்டன் பக்கத்துக் கனோலா வயல்களில் இந்த நோய் 2003-இல் தெரிந்தது. 2009-இல் எதிர்ப்பு ரகம் சந்தைக்கு வந்தது. விவசாயிகள் நிம்மதியாக, குறுகிய இடைவெளியில் கனோலாவையே திரும்பத் திரும்ப விதைத்தார்கள். 2013-இல் அந்த எதிர்ப்பை உடைக்கும் உள்வகைகள் வயலில் கண்டறியப்பட்டன. புதிய கிருமி எங்கிருந்தோ பறந்து வரவில்லை. ஏற்கெனவே மண்ணில் அரிதாக இருந்தவை, மற்றவை பெருக முடியாத இடத்தில் தாம் மட்டும் பெருகின. ஒரே மரபணுவை அடுத்தடுத்து விதைப்பது கிருமிக்கு நாமே தேர்வு நடத்திக் கொடுப்பதுதான்.

அதே கனடிய ஆய்வுகள் நல்ல செய்தியும் சொல்லின: கோஸ் குடும்பப் பயிர் இல்லாமல் 2 ஆண்டு விட்டாலே வித்துகளில் பெரும்பகுதி அழிந்துவிடுகிறது. மிஞ்சும் சிறுபங்குதான் 15 ஆண்டுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். ஆகவே 2 ஆண்டு இடைவெளி நோயை ஒழிக்காது. ஆனால் எதிர்ப்பு ரகத்தின் மேல் விழும் சுமையைப் பெரிதும் குறைக்கும்.

கருப்பு அழுகல்

சமவெளியிலும் மலையிலும் ஒருசேர வரும் பாக்டீரியா நோய். இலை விளிம்பிலிருந்து உள்நோக்கி ஆங்கில ‘வி’ வடிவத்தில் மஞ்சள் படரும், நரம்புகள் கறுக்கும், தண்டை வெட்டினால் கறுப்பு வளையம் தெரியும். இலை விளிம்பின் நீர்த்துளைகள் வழியே கிருமி நுழைவதால்தான் அந்த வடிவம். 25 முதல் 30 டிகிரி வெப்பமும் மழையும் இதற்குக் கொண்டாட்டம்.

இந்த பாக்டீரியாவில் 11 உள்வகைகள் வரை விவரிக்கப்பட்டுள்ளன. உலகெங்கும் அதிகம் சேதம் செய்பவை 1-ஆம், 4-ஆம் உள்வகைகள். இவ்விரண்டுக்கும் வலிமையான எதிர்ப்பு சி தொகுதியில் அரிது. பி தொகுதியில் இருக்கிறது. கருங்கடுகும் எத்தியோப்பியக் கடுகும் அதைச் சுமக்கின்றன. டெல்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் எத்தியோப்பியக் கடுகிலிருந்து 1-ஆம் உள்வகைக்கான எதிர்ப்பைக் கரு மீட்பு முறையில் காலிஃபிளவருக்குக் கொண்டுவந்திருக்கிறது. அதற்கு முன்பே ஜப்பானின் ‘எர்லி ஃபூஜி’ முட்டைக்கோஸில் 1950-களில் கண்ட எதிர்ப்பு பல ரகங்களுக்கு மூலமானது. குலு பள்ளத்தாக்கின் கட்ரெய்ன் நிலையத்தில் உருவான ‘புசா முக்தா’ முட்டைக்கோஸும், ‘புசா சுப்ரா’ காலிஃபிளவரும் இந்நோயைத் தாங்குபவை என்று பரிந்துரைக்கப்பட்டவை.

இங்கே ஒன்றை மறக்கக் கூடாது. இந்தக் கிருமி விதை வழியே வருவது. அதனால்தான் பன்னாட்டு விதைப் பரிசோதனையில் ஒரு தொகுப்புக்கு 30,000 விதைகளைச் சோதிக்கிறார்கள். தாங்கும் ரகம் என்றாலும் விதை சுத்தமாக இருக்க வேண்டும். நேர்த்தி செய்யாத விதை கிடைத்தால் வெந்நீர் நேர்த்தி செய்யலாம்: முட்டைக்கோஸ் விதைக்கு 50 டிகிரியில் 25 நிமிடம், காலிஃபிளவருக்கும் புரோக்கோலிக்கும் 20 நிமிடம். தெர்மாமீட்டர் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம். 2 டிகிரி கூடினாலும் முளைப்பு போகும், குறைந்தால் கிருமி போகாது. நேர்த்தி முடிந்ததும் குளிர்ந்த நீரில் ஆற்றி நிழலில் உலர்த்தவும். பழைய விதைக்கும், நிறுவனமே மருந்து பூசிய விதைக்கும் இது ஆகாது.

மற்ற எதிரிகள், சுருக்கமாக

அடிச்சாம்பல் நோய்க்குக் காலிஃபிளவரில் ஒற்றை ஓங்கு மரபணு எதிர்ப்புகள் கிடைத்துள்ளன. குளிரும் பனியும் சேரும் மாதங்களில் நாற்றங்காலுக்கு இது பெரிய உதவி. ஆல்டர்நேரியா இலைப்புள்ளிக்கு சி தொகுதியில் வலிமையான எதிர்ப்பு கிடைக்கவில்லை. வெண்கடுகு போன்ற தூரத்து உறவினர்களிடம்தான் இருக்கிறது. பாக்கெட்டில் ‘இலைப்புள்ளி எதிர்ப்பு’ என்று இருந்தால் அதைத் ‘தாங்கும் அளவு’ என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மருந்துத் தெளிப்பைக் கைவிட வேண்டாம்.

வைரமுதுகு அந்துப்பூச்சி இன்னும் பிடிவாதம். 1953-இல் இந்தோனேசியாவில் டி.டி.டி-யை வென்ற பூச்சி. உலகில் வயல்நிலையில் பி.டி. பாக்டீரியா மருந்தையும் முதலில் வென்றது இதுவே. ஆஸ்திரேலியக் காலிஃபிளவர் வகையொன்றில் இலையின் மெழுகுப்பூச்சு குறைந்து பளபளப்பாக இருக்கும். இளம்புழுக்கள் அதில் நிலைகொள்ளாமல் அலைந்தே மடிகின்றன. ஒடுங்கு மரபணுவால் வரும் குணம் இது. மெழுகில்லாத இலைக்கு வேறு பூச்சிகளின் தொல்லை கூடியதால் சந்தை ரகமாகப் பரவவில்லை.

வெப்பமும் காலிஃபிளவர் பூவும்

நோய்க்கு மட்டுமல்ல, வெப்பத்துக்கும் மரபணுக் கணக்கு உண்டு. எஃப்.எல்.சி. என்ற மரபணு பூப்பதைத் தடுத்து வைக்கும். குளிர் அந்தத் தடையை விலக்கும். கோஸ் இனங்களின் முன்னோரில் முழு மரபுத்தொகுதியும் மும்மடங்கான நிகழ்வு ஒன்று நடந்ததால், இந்த மரபணுவுக்கு இவற்றில் பல பிரதிகள். எந்தப் பிரதி வலுவாக வேலை செய்கிறது என்பதைப் பொறுத்து ரகத்துக்கு ரகம் குளிர்த் தேவை மாறுகிறது.

இங்கிலாந்திலிருந்து 1822-இல் சகாரன்பூருக்கு வந்த காலிஃபிளவர் விதைகளிலிருந்து, வட இந்திய விவசாயிகள் ஆண்டுதோறும் வெயிலில் பூத்தவற்றையே விதைக்கு விட்டு, வெப்பம் தாங்கும் இந்தியக் காலிஃபிளவர்களை உருவாக்கினார்கள். பூ கட்டும் வெப்பத்தை வைத்து ரகங்களை நான்காகப் பிரிப்பது வழக்கம்:

- முன்பருவம்: 20–27 டிகிரி
- நடு முன்பருவம்: 16–20 டிகிரி
- நடு பின்பருவம்: 12–16 டிகிரி
- பின்பருவம், ஸ்னோபால் வகைகள்: 10–16 டிகிரி

பின்பருவ ரகத்தை வெயிலில் நட்டால் இலை இலையாக வளர்ந்துகொண்டே போகும், பூ கட்டாது. கட்டினாலும் நடுவில் சிற்றிலைகள் முளைத்து விலை போகாது. முன்பருவ ரகத்தைக் கடுங்குளிரில் நட்டால் செடி சிறிதாக இருக்கும்போதே பொத்தான் அளவுப் பூ வந்துவிடும். நாற்று நடும் நாளிலல்ல, பூ கட்டும் வாரங்களில் உங்கள் ஊரின் சராசரி வெப்பம் என்ன என்பதைப் பார்த்து ரகம் எடுங்கள்.

மரபணுவின் மேல் பழிபோடும் முன் மண்ணையும் பாருங்கள். புளிப்பு மண்ணில் மாலிப்டினம் குறைந்தால் காலிஃபிளவர் இலை சாட்டைவால் மாதிரி குறுகும். போரான் குறைந்தால் தண்டு கூடாகும், பூ பழுப்பேறும். எந்த ரகமும் இவற்றிலிருந்து முழுதாகத் தப்பாது.

பாக்கெட்டைப் படிக்கும் முறை

பன்னாட்டு விதை நிறுவனங்கள் எதிர்ப்பைக் குறியீடாக எழுதுகின்றன. ‘எச்.ஆர்.’ என்றால் உயர் எதிர்ப்பு: கிருமியின் வளர்ச்சியைப் பெரிதும் கட்டுப்படுத்தும், கிருமி மிகுந்த வயலில் மட்டும் சில அறிகுறி தெரியலாம். ‘ஐ.ஆர்.’ என்றால் இடைநிலை எதிர்ப்பு: நோய் வரும், ஆனால் எதிர்ப்பில்லாத ரகத்தைவிடக் குறைவாக வரும். அதன்பின் நோயின் சுருக்கப் பெயர்: ‘எஃப்.ஓ.சி.’ ஃபியூசேரியம் வாடல், ‘எக்ஸ்.சி.சி.’ கருப்பு அழுகல், ‘பி.பி.’ வேர்முண்டு. சுருக்கத்துக்குப் பக்கத்தில் எண் இருந்தால் அது உள்வகை. ‘எச்.ஆர். எஃப்.ஓ.சி. 1’ என்றால் ஃபியூசேரியத்தின் முதல் உள்வகைக்கு உயர் எதிர்ப்பு. இரண்டாம் உள்வகைக்கு எந்த வாக்குறுதியும் இல்லை. குறியீடே இல்லாமல் வெறும் ‘எதிர்ப்புத்திறன் மிக்கது’ என்ற வரி விளம்பரம் மட்டுமே.

உங்கள் மண்ணிலேயே சோதியுங்கள்

வேர்முண்டுக்கு வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை இது. வயலில் பல இடங்களிலிருந்து, குறிப்பாக நீர் தேங்கும் மூலையிலிருந்தும் வண்டி நுழையும் வாயிலிலிருந்தும், மண் எடுத்துக் கலந்து தொட்டிகளில் நிரப்பவும். பாதித் தொட்டிகளில் எதிர்ப்பில்லாத சீன முட்டைக்கோஸ் அல்லது கடுகு, மீதியில் நீங்கள் வாங்க நினைக்கும் எதிர்ப்பு ரகம். மண் எப்போதும் ஈரமாக, 20 முதல் 25 டிகிரி வெப்பத்தில் இருக்கட்டும். 6 வாரம் கழித்து மண்ணைக் கழுவி வேரைப் பாருங்கள். வீக்கம் இல்லையென்றால் 0, பக்கவேரில் சிறு முண்டுகள் 1, நடுத்தர வீக்கம் 2, முக்கிய வேரே உருக்குலைந்தால் 3 என்று மதிப்பெண் கொடுங்கள்.

கணக்கு இப்படி: 40 செடியில் 20 செடிக்கு 0, 10 செடிக்கு 1, 6 செடிக்கு 2, 4 செடிக்கு 3 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 10 + 12 + 12 = 34. அதிகபட்சம் 40 × 3 = 120. நோய்க் குறியீடு சுமார் 28 சதவீதம்.

- இரண்டு ரகத்திலும் 0 என்றால் கிருமி இல்லை, அல்லது மிகக் குறைவு. விலை கூடிய எதிர்ப்பு விதை இப்போதைக்குத் தேவையில்லை. மரபணுவை வீணாக்க வேண்டாம்.
- கடுகில் வீங்கி, எதிர்ப்பு ரகத்தில் 0 என்றால் மரபணு உங்கள் மண்ணின் உள்வகைக்குப் பொருந்துகிறது.
- இரண்டிலும் வீங்கினால் அந்த ரகம் உங்களுக்கல்ல. வேறு மூலத்திலிருந்து எதிர்ப்பு பெற்ற ரகத்தைத் தேடுங்கள், அல்லது குடும்பம் மாற்றிப் பயிரிடுங்கள்.
- எதிர்ப்பு ரகத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக 3 வந்தால், அவை கலந்துபோன விதையா, எதிர்ப்பை உடைத்த கிருமியா என்று தெரிய அந்த வேர்களைத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் காட்டுங்கள்.

எதிர்ப்பை நீடிக்கச் செய்ய

1. சுழற்சியில் குடும்பத்தையே மாற்றுங்கள். முட்டைக்கோஸுக்குப் பின் நூல்கோலோ டர்னிப்போ போட்டால் அது சுழற்சி ஆகாது. உருளைக்கிழங்கு, கேரட், பீட்ரூட், பூண்டு, பீன்ஸ் ஆகியவை வேறு குடும்பங்கள். மலைத்தோட்டத்தில் எப்படியும் விளைபவை. குறைந்தது 2 ஆண்டு இடைவெளி.

2. வைரமுதுகுப் பூச்சிக்குக் கவர்ச்சிப் பயிராக 25 வரிசை முட்டைக்கோஸுக்கு இரண்டு வரிசை கடுகு என்பது பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய நல்ல முறை. ஆனால் வேர்முண்டு உள்ள வயலில் கடுகும் அந்த நோய்க்கு ஆளாகும். அங்கே இந்த முறையைத் தவிருங்கள்.

3. புளிப்பு மண்ணுக்குச் சுண்ணாம்போ டோலமைட்டோ இட்டு, கார அமிலத்தன்மையை 7.2 வரை உயர்த்தினால் வேர்முண்டு வித்துகள் முளைப்பது குறையும். அளவை மண்பரிசோதனை சொல்லட்டும். உருளைக்கிழங்கு அடுத்து வருவதானால் கவனம்: காரம் கூடினால் கிழங்கில் சொறி வரும்.

4. நாற்றைச் சொந்தக் குழித்தட்டில், நோயில்லாத ஊடகத்தில் வளர்த்துக்கொள்ளுங்கள். சரிவில் மேல்வயலின் மண் மழையில் கீழ்வயலுக்கு வரும். கலப்பையும் காலணியும் அதையே செய்யும். நோய் வயலில் கடைசியாக வேலை செய்து, கருவிகளைக் கழுவுங்கள்.

5. எதிர்ப்பு வயலில் முண்டு விழுந்த ஒரு செடி கண்டாலும், வேர் அழுகும் முன் பிடுங்கி எரித்துவிடுங்கள். உரக்குழியில் போடக் கூடாது. எதிர்ப்பை உடைத்த முதல் கிருமி அதில்தான் இருக்கக்கூடும்.

6. ஒரே மூல மரபணு கொண்ட ரகத்தைத் தொடர்ந்து போடாதீர்கள். ஜப்பானில் சீன முட்டைக்கோஸுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வேர்முண்டு மரபணுக்களை அடையாளக் குறிகளின் உதவியால் ஒரே ரகத்தில் அடுக்கியிருக்கிறார்கள். அத்தகைய ரகம் கிடைத்தால் விலை கூடினாலும் அதற்கே முன்னுரிமை.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

- எந்த நோய்க்கு எதிர்ப்பு? உயர்நிலையா, இடைநிலையா?
- எந்த உள்வகை எண்?
- சென்ற முறை நான் போட்ட ரகமும் இதுவும் ஒரே மூல மரபணுவா?
- எந்த வெப்பநிலைகளில் சோதித்தார்கள்? காலிஃபிளவர் என்றால் எந்தப் பருவக் குழு?
- விதைக்கு கருப்பு அழுகல் பரிசோதனை நடந்ததா, எத்தனை விதையில்?
- எங்கள் வட்டாரத்தில் யார் வயலில் போன பருவம் இது நின்றது?

முதல் ஐந்துக்கும் விதை வியாபாரியிடம் பதில் இல்லையென்றால் நிறுவனத்தின் தொழில்நுட்பப் பிரிவிடம் எழுத்தில் கேளுங்கள். ஆறாவதற்குப் பதில் கிடைத்தால், அந்த வயலுக்கே நேரில் போய் நான்கு செடிகளைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். திரும்பும்போது காலணியைக் கழுவிவிட்டு உங்கள் வயலில் கால் வையுங்கள்.